கயிறு கட்டி இறக்கிய கார்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன கிழமை என் வீட்டுக்கு வந்தீர்கள். பழைய கார் ஒன்று வேலைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். ரேடியேட்டர் ஒழுகும், டைனமோ சார்ஜ் பண்ணாது, ஸ்பிரிங் தட்டு உடையும், கியர் நழுவும். இதெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. காரின் சொந்தக்காரரிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதுதான் எனக்குப் பிடிபட நாளாயிற்று. அன்று அதை வாயால் சொல்ல முடியாமல் தேத்தண்ணி கொடுத்து உங்களை அனுப்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். நான் அட்டனில் ஒரு கராஜில் இரண்டாவது மெக்கானிக். வயது இருபத்தாறு. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் சிலர் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் காரை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு காரை, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த தோட்டமொன்றின் டிஸ்பென்சர் வாங்கினார். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். தொழிலாளர்கள் டாக்டரையா என்பார்கள். தோட்டத்தின் ஐந்து டிவிசனுக்கும் நடந்தே போய் நோயாளிகளைப் பார்த்த மனிதர், முழங்கால் வலி வந்த பிறகு, கையிலிருந்ததை எல்லாம் போட்டு அந்தக் காரை வாங்கினார்.

பழைய காரை வாங்குகிறவர் எவரும் வாங்கும் விலையைத்தான் கணக்குப் பார்க்கிறார். வைத்திருக்கும் செலவு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிஸ்பென்சருக்கு முதல் மாதம் பேட்டரி. அடுத்த மாதம் ரேடியேட்டர். பிறகு இரண்டு டயர், பிறகு பின்பக்க ஸ்பிரிங். ஒவ்வொரு தடவையும் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கெட்ட செய்தி சொல்பவன் நான்தான். “இந்த முறை எதை விக்கச் சொல்லுறீர் தம்பி?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். மாதத்துக்கு மாதம் அந்தச் சிரிப்பு சிறுத்துக்கொண்டே வந்தது.

ஒரு வியாழக்கிழமை, பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கொண்டுவந்தார். முன்பக்க இடது சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வீங்கி, மேல்தோல் வெடித்திருந்தது. புதுக் குழாய் கொழும்பிலிருந்து வரவேண்டும். நான்கைந்து நாளாகும். அதுவரை அந்தச் சக்கரத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால், மற்ற மூன்று சக்கரத்துப் பிரேக்கை வைத்து மெதுவாக ஓட்டலாம். அப்படித்தான் செய்தேன்.

எங்கள் தலைமை மெக்கானிக் ஒரு சிங்களவர். எல்லோரும் அவரை பாஸ் என்போம். அவர் குனிந்து வலது சக்கரத்துக் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தார். “இதுவும் அதுவும் ஒரே நாள் பொறந்தது. ரெண்டுக்கும் புதுசு வரவழை. ஐயாகிட்ட சொல்லு” என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. டிஸ்பென்சர் வாசலில் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தை முன்கூட்டியே சுருக்கிக்கொண்டார். அடி விழப்போகிறதென்று தெரிந்த முகம். அந்த முகத்துக்கு ஒருநாளாவது நல்ல செய்தி சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆசை வந்தது.

“ஒரு குழாய்தாங்க ஐயா. வந்ததும் நானே தோட்டத்துக்குக் கொண்டாந்து போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க.”

“ஒன்று மட்டும்தானே?”

“ஒண்ணுதாங்க.”

அவர் நிம்மதியாகப் போனார். கொழும்புக்கு ஒரு குழாய்க்குத்தான் எழுதிப் போட்டேன். அன்றைக்கும் மறுநாளும் எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. சனிக்கிழமை மழை பிடித்தபோதுதான் அந்த வலது சக்கரத்துக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் தோட்டத்து ரோட்டை எனக்குத் தெரியும். மேலிருந்து நோட்டன் மட்டத்துக்கு நான்கு மைல். கடைசி இரண்டு மைல் ஒரே இறக்கம், ஏழு வளைவு. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை குழாய் வந்தது. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து நோட்டனில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்தேன். போய்ச் சேர இரண்டு மணியாகிவிட்டது. மருந்தகத்தின் முன்னால் கூட்டமாக இருந்தது. காரின் கதவுகள் திறந்து கிடந்தன.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலருக்குள் ஒரு தொழிலாளியின் வலது கை போய்விட்டது. சின்னையா என்பது அவர் பெயர். நான்கு பேர் அவரைத் தூக்கிக் காரின் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் சுற்றியிருந்த வெள்ளைத்துணி முழுவதும் சிவப்பு. அவர் மனைவி அங்கம்மா கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் கிடக்கும் கோலத்திலேயே மலையிலிருந்து ஓடி வந்திருந்தார். கூடை எங்கோ விழுந்துவிட்டது. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டது. இருந்த வண்டி இந்தக் கார் ஒன்றுதான்.

டிஸ்பென்சர் என்னைக் கண்டதும், “நல்ல நேரத்தில வந்தீர். நீர் காரை ஓட்டும், நான் பின்னால இருந்து கட்டைப் பிடிக்கிறன். கெதியா” என்றார்.

குழாயை மாற்றி, எண்ணெய் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அந்தத் துணியைப் பார்த்தால் ஒரு மணி நேரம் இல்லையென்று யாருக்கும் தெரியும். அப்போதும்கூட நான் வாயை மூடிக்கொண்டு ஏறியிருக்கலாம். கார் பிழைத்துப் போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அங்கம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“ஐயா, இன்னொரு பக்கத்துக் குழாயும் மோசமாத்தான் இருக்கு. அன்னைக்கே தெரியும். நான் சொல்லல. அது வெடிச்சா காருக்குப் பிரேக்கே இருக்காது.”

டிஸ்பென்சர் முன் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“இப்ப சொல்லுறீர்” என்றார். பிறகு, “இவரை இஞ்சை வச்சிருந்தா பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடும். போகத்தான் வேணும். நீர் ஓட்டுவீரோ, நான் ஓட்டட்டோ?”

“நான் ஓட்டுறேங்க.”

முதல் இரண்டு மைலும் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வந்தேன். மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் பத்து முழம் தெரிந்தால் அதிகம். பின்னால் சின்னையா முனகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்குத் தைரியம். அது நின்றால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அங்கம்மா என் பக்கத்து ஆசனத்தில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கணவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய இறக்கம் தொடங்கும் இடத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு மாடு குறுக்கே வந்தது. காலை அழுத்தினேன். பிரேக் பிடித்தது, பிறகு அடியில் எதுவோ ‘பட்’ என்றது. பெடல் அடிப்பலகை வரைக்கும் போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். சேற்றில் கால் வைத்தது போல இருந்தது.

மாடு விலகிவிட்டது. கார் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன, வேகம் குறையவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன்; பற்கள் உராய்ந்து விலகின. முன்னால் முதல் வளைவு வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் வெள்ளையாகப் பனி மட்டும் தெரிந்தது. அந்த வெள்ளையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். இடது சக்கரங்கள் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் காணுக்குள் இறங்கி, மண்சுவரை உரசிக்கொண்டு போய், ஒரு கல்லில் மோதிக் கார் நின்றது.

என் கால் பெடலை இன்னும் அழுத்திக்கொண்டேயிருந்தது. எடுக்க வரவில்லை. டிஸ்பென்சர்தான் முதலில், “கட்டு அவிழேல்லை. ஆள் இருக்கிறார்” என்றார்.

சத்தம் கேட்டு மேலே மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். நிழல் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பன்னிரண்டு பேர். அவர்களுடைய கங்காணி நாற்பது வயதுக்காரர், கம்பளியைத் தலையில் போட்டிருந்தார். காருக்குள் குனிந்து சின்னையாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னாங்க ஆச்சு?”

“பிரேக் போயிருச்சுங்க.”

“கீழ எறங்கிட்டா போயிருவீங்களா?”

“மட்டத்துக்குப் போயிட்டா அங்கேருந்து அட்டன் வரைக்கும் ஏத்தந்தாங்க பெரும்பாலும். போயிரலாம். இந்த ரெண்டு மைல்தான்.”

அவர் ரோட்டைப் பார்த்தார். தன் ஆட்கள் தோளில் கிடந்த தும்புக் கயிற்றைப் பார்த்தார். வெட்டிய மரத்தைச் சரிவில் மெல்ல இறக்குவதற்கு வைத்திருந்த கயிறு. மணிக்கட்டுத் தடிப்பு இருக்கும்.

“இதவிடப் பாரமான மரத்தையெல்லாம் புடிச்சு எறக்கியிருக்கோம். பின்னாடி கட்டுங்க.”

எனக்கு அது சரியா பிழையா என்று யோசிக்க நேரமில்லை. முதல் கியரில் விட்டால் என்ஜின் காரைக் கொஞ்சம் தடுத்துப் பிடிக்கும். ஆனால் அந்தப் பழைய காரில் இறக்கத்தில் முதல் கியர் நழுவி வெளியே வந்துவிடும். ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்கவேண்டும். மற்றக் கை ஸ்டியரிங்குக்கு. ஹேண்ட் பிரேக்குக்குக் கை இல்லை. அங்கம்மாவிடம் அதைக் காட்டினேன்.

“நான் இழுன்னா இழுக்கணும், விடுன்னா விடணும். வேற எதையும் பாக்கக் கூடாது. செய்வீங்களா?”

“செய்றேங்க.” அவர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்தார்.

ஆட்கள் காரைக் காணிலிருந்து தூக்கி ரோட்டில் வைத்தார்கள். கயிற்றைப் பின்பக்கச் சட்டத்தில் கட்டினேன். புறப்படும் முன் கங்காணியிடம் போய் ஒன்று சொன்னேன்.

“கார் என் கையை மீறிப் போச்சுன்னா ஹோர்ன் அடிப்பேன். அடிச்சா எல்லாரும் கயித்த விட்டுறணும். புடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. இழுத்துக்கிட்டுப் போயிரும்.”

“சரிங்க. ஹோர்ன் கேட்டா விட்டுர்றோம்.” அவர் திரும்பித் தன் ஆட்களுக்கும் அதைச் சொன்னார். கயிற்றின் முதல் ஆளாக, காருக்கு மிக அருகில், அவரே நின்றார்.

இறங்கினோம். பின்னால் பன்னிரண்டு பேரின் கால்கள் ஈர ரோட்டில் இழுபடும் சத்தம். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நான் “இழுங்க” என்றால் அங்கம்மா உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். பின் சக்கரங்களிலிருந்து கருகிய வாசம் காருக்குள் வந்தது. ஹேண்ட் பிரேக்கும் போகப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லி ஆகப்போவதும் இல்லை.

ஐந்தாவது வளைவுதான் மிகச் செங்குத்து. அங்கே ரோட்டின் மேல் மலைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் யாருக்கோ கால் வழுக்கியது. கயிறு ஒரு நொடி தளர்ந்தது. கார் முன்னால் பாய்ந்தது. கியர் என் கையை உதறிவிட்டு வெளியே வந்தது. கத்தினேன், அங்கம்மா இழுத்தார், கம்பி சும்மா வந்தது.

ஹோர்ன் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்தது. என் கட்டைவிரல் அதன் மேல் இருந்தது.

நான் அமுக்கவில்லை.

மறந்துபோகவில்லை. என்னால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. அமுக்கினால் அவர்கள் விடுவார்கள், விட்டால் நான் அந்த வெள்ளைக்குள் போவேன் என்பது எனக்குப் பகல் போலத் தெரிந்தது. பின் ஆசனத்தில் இருந்தவரையோ பக்கத்தில் இருந்த பெண்ணையோ நான் நினைத்ததாகச் சொன்னால் பொய். கயிறு என்னைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். கட்டைவிரலை அங்கிருந்து எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

கயிறு மறுபடி விறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். கங்காணி முழங்காலில் விழுந்து, விடாமல், ரோட்டில் இழுபட்டு வந்துகொண்டிருந்தார். கம்பளி எங்கோ போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் சாய்ந்து நின்று கால் ஊன்றினார்கள். கார் வேகம் குறைந்தது. நான் கியரை எப்படியோ உள்ளே தள்ளினேன். வளைவு கடந்துவிட்டது.

மட்டத்துக்கு வந்ததும் யாரோ கயிற்றை அறுத்துவிட்டார்கள். “போங்க, போங்க” என்ற சத்தம் கேட்டது. நிற்கவில்லை. பாலத்தில் ஆட்கள் நின்றார்கள். ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு தாண்டினேன். ரேடியேட்டர் கொதித்து ஆவி கண்ணாடியில் அடித்தது. இடையில் வந்த சிறு இறக்கங்களில் காரை மலையோரப் புல்லில் உரசி உரசித்தான் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பூப்பாத்திக்குள் ஏற்றி நிறுத்தினேன்.

சின்னையா பிழைத்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை போய்விட்டது. பிறகு அவருக்குக் காவல் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை இரண்டு குழாய்களும் புது ஹேண்ட் பிரேக் கம்பியும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கராஜில் நிறுத்த இடமில்லாததால் காரை அதற்குள் தோட்டத்து லொறியில் கட்டி இழுத்து மேலே கொண்டுவந்திருந்தார்கள். மருந்தக வாசலில் கங்காணி, முழங்காலில் கட்டோடு, மருந்து கட்ட உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“அஞ்சாம் வளைவுல ஹோர்ன் அடிப்பீங்கன்னு பாத்தேங்க” என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கேட்டார், அவ்வளவுதான்.

“அடிச்சேங்க. வேல செய்யல. பழைய ஹோர்ன்.”

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். பழைய காரைப் பற்றி என்ன சொன்னாலும் உலகம் நம்பும். உள்ளேயிருந்து டிஸ்பென்சர், “அதுவும் பழுதோ? அதையும் ஒருக்காப் பாத்துவிடும்” என்றார். நான் பானெட்டைத் திறந்து, ஒரு பழுதும் இல்லாத ஹோர்னைக் கழற்றி, வயரைச் சுரண்டி, மறுபடி பூட்டினேன். கங்காணி வாசலில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கிக் காட்டினேன். நன்றாகச் சத்தம் வந்தது. “இப்ப சரிங்க” என்றார் அவர்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போய்க் காரைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. காசும் வாங்கவில்லை. டிஸ்பென்சர் என்னைத் தங்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்கடியில் படுத்துக் குழாயை விரலால் ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பார்ப்பேன். பழுது இருந்தால் அங்கேயே, அவர் முகம் எப்படிப் போனாலும், முழுவதையும் சொல்லிவிடுவேன். “இதை இப்ப மாத்தணும். இது மூணு மாசம் தாங்கும். இத மாத்தலன்னா நான் சாவி தரமாட்டேன்.” கராஜுக்கு வந்த எல்லாக் காருக்கும் அப்படித்தான். சிலர் என்னைத் திட்டிவிட்டு வேறு கராஜுக்குப் போனார்கள்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் பகல் கங்காணி கராஜுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போக முடிவாகிவிட்டதென்றும், பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க அட்டனுக்கு வந்ததாகவும் சொன்னார். “போறதுக்கு முன்ன பாத்துட்டுப் போவலாம்னு.”

படக்கடை பக்கத்துக் கட்டடத்தின் மாடியில். அதுவரை கூட நடந்தேன். படியடியில் வைத்துச் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை.

“அன்னைக்கு ஹோர்ன் நல்லாத்தாங்க இருந்துச்சு. நான்தான் அடிக்கல. பயந்துட்டேன்.”

“தெரியுங்க” என்றார்.

“எப்படிங்க?” என்றேன்.

“கயித்த அறுத்து விட்டப்பறம் பாலத்துல அடிச்சிக்கிட்டே போனீங்கள்ல. நாங்க பன்னெண்டு பேரும் ரோட்டுல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். டாக்டரையாவுக்குத்தான் சின்னையாவப் புடிச்சிருந்த அவசரத்துல அது காதுல விழல.””

“பின்ன ஏங்க ஒண்ணும் சொல்லல?”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “சொல்லியிருந்தா டாக்டரையா ஒங்கள அந்தக் காரத் தொட விட்டிருக்க மாட்டாரு. அந்த ஒரு காரு இல்லாட்டி தோட்டத்துல ஏதாச்சும் ஒண்ணுன்னா நாங்க எங்கங்க போறது? நல்லாப் பயந்தவன் கையில இருந்தாத்தான் அது ஒழுங்கா ஓடும்னு எனக்குப் பட்டுச்சு.” பிறகு, “நீங்களும் மாசாமாசம் வந்தீங்க” என்றார்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குளிருக்கு வலிக்கும், அங்கே ஊரில் வெயில்தானே, சரியாகிவிடும் என்றார். கடைக்காரர் மேலிருந்து கூப்பிட்டார். கங்காணி சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைக் கையால் தூக்கி அதன் பக்கத்தில் வைத்து ஏறினார். மொத்தம் பதினாறு படி. அவர் மேலே போய்ச் சேரும்வரை நான் கீழேயே நின்றேன்.